தாளம் யார் கையில்?

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிற அசெம்பிளி லைன் தொழிலாளர்கள் பலருக்கும் பழக்கமான சொல் 'டாக்ட் டைம்'. ஒரு ஷிப்டில் கையில் கிடைக்கிற நேரத்தை அன்றைக்குத் தேவைப்படும் உருப்படிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. ஏழரை மணி நேரம் என்றால் 27,000 நொடி. 450 உருப்படி வேண்டுமென்றால் ஒன்றுக்கு 60 நொடி. அந்த அறுபது நொடிக்குள் உங்கள் கை தன் வேலையை முடித்தாக வேண்டும். இந்த 'டாக்ட்' என்பது ஜெர்மன் சொல். இசையில் தாளத்தைக் குறிப்பது. 1930களில் ஜெர்மன் விமானத் தொழிற்சாலைகள் இசையிலிருந்து இதை எடுத்துக்கொண்டன. பின்னர் டொயோட்டாவின் உற்பத்தி முறை வழியாக உலகம் முழுக்கப் பரவியது. அதாவது, மேலாண்மைச் சொல்லாடல் தன் அதிகாரத்துக்குப் பெயர் தேடியபோது கச்சேரி மேடைக்குத்தான் போயிருக்கிறது. ஓட்டத்தையும் இசையையும் சேர்த்து ஓர் எளிய விளையாட்டை அமைப்பது எப்படி என்று விளக்க வந்த இக்கட்டுரை இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. தாளத்தோடு ஓடுகிற எந்த விளையாட்டும் தொடக்கத்திலேயே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: தாளம் யார் கையில்?

விளையாட்டைப் பண்பாட்டின் அடிப்படையாகக் கண்ட ஹூய்சிங்கா, தமது 1938ஆம் ஆண்டு நூலில், பல மொழிகளில் வாத்தியம் இசைப்பதும் விளையாடுவதும் ஒரே வினைச்சொல்லாக இருப்பதைச் சுட்டுகிறார். தமிழில் அப்படி இல்லை. நாம் பறையை அடிக்கிறோம், நாயனத்தை ஊதுகிறோம், வீணையை வாசிக்கிறோம். ஆனால் 'ஆட்டம்' என்ற சொல்லில் நடனமும் விளையாட்டும் ஒன்றாகவே கிடக்கின்றன. 'அடி' என்பது பாதம், காலடி, செய்யுளின் வரி, தாளத்தின் தட்டு, முதுகில் விழுகிற அடி எல்லாமும்தான். இந்தச் சொல்லுக்குள்ளேயே நமது விளையாட்டு இருக்கிறது.

சடுகுடுவை எடுத்துக்கொள்வோம். பாடிக்கொண்டே எதிரணிக் களத்துக்குள் போக வேண்டும். எதிரில் நிற்கும் உடல்களே தடைகள். பாட்டு அறுந்தால் ஆட்டம் போச்சு. இங்கே கடிகாரம் வெளியே இல்லை. பாடுகிறவனின் மூச்சுதான் கடிகாரம். தொழில்முறைக் கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 நொடி என்று வரையறை வந்துவிட்டது. சொல்லைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும் என்ற விதி இன்னும் உண்டு. என்றாலும் நேரத்தை அளப்பது இப்போது எலெக்ட்ரானிக் பலகை. தொலைக்காட்சிக்கு இது வசதி என்பதை மறுக்கவில்லை. மூச்சு அளந்ததைக் கடிகாரம் அளக்கத் தொடங்கும்போது உடலுக்கும் காலத்துக்குமான உறவு மாறுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இனி கைபேசிக்கு வருவோம். 2009இல் வந்த 'கேனபால்ட்', 2011இன் 'டெம்பிள் ரன்', 2012இன் 'சப்வே சர்ஃபர்ஸ்' எல்லாமே முடிவில்லா ஓட்டங்கள். ஓட ஓட வேகம் கூடும். கடைசியில் விழுந்தே தீர வேண்டும். இதில் வெற்றி என்று ஒன்று கிடையாது, எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தாய் என்பது மட்டும்தான். நன்றாகச் செய்தால் பரிசு என்ன? இன்னும் கூடுதல் வேகம். லைன் வீடுகளில் அப்பாவோ அம்மாவோ எதிலிருந்து களைத்து வருகிறாரோ, அதே அமைப்பைப் பிள்ளை கையில் வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறது.

இசையைச் சேர்த்தவர்களும் உண்டு. 1999இல் மசாயா மட்சுரா ஜப்பானில் உருவாக்கிய 'விப் ரிப்பன்' விளையாட்டில் வெள்ளைக் கோடுகளால் ஆன ஒரு முயல் கோட்டின் மேல் நடக்கும். நம்மிடம் உள்ள இசைத்தட்டை இயந்திரத்தில் போட்டால் அந்த இசையே பள்ளமாகவும் மேடாகவும் மாறும். இசை தடையை உண்டாக்குகிறது. 2010இல் வந்த 'பிட் ட்ரிப் ரன்னர்' இதைத் திருப்பிப் போட்டது: தடையைத் தாண்டும்போதெல்லாம் பாட்டில் ஒரு சுரம் சேரும். இவற்றுக்கெல்லாம் முன்பே 1987இல் டோஷியோ இவாய் 'ஒடோக்கி'யில் ஆடுபவரின் ஒவ்வொரு வீச்சையும் தாளத்தோடு பொருத்தி, அவர் என்ன செய்தாலும் இசையாகும்படி அமைத்திருந்தார். மூன்றும் அருமையான யோசனைகள். ஆயினும் மூன்றிலும் தாளம் இயந்திரத்துடையது. ஆடுபவர் அதற்குள் வந்து பொருந்துகிறார்.

தாளத்தை எங்கிருந்து எடுப்பது? ஓசூரில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1956 மொழிவழிப் பிரிவினையில் சென்னை மாநிலத்தோடு நின்றுவிட்ட இந்த எல்லைப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. வடக்கிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களால் இன்று இந்தியும் புழங்குகிறது. பிள்ளைகள் கண்ணாமூச்சிக்கு எண்ணுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். தமிழில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு: சொல்லுக்கு இரண்டு தட்டு, மொத்தம் எட்டு. தெலுங்கில் ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு: மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று, மொத்தம் பத்து. கன்னடத்தில் ஒந்து, எரடு, மூரு, நால்கு: இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு, மொத்தம் ஒன்பது. இந்தியில் ஏக், தோ, தீன், சார்: தலைக்கு ஒன்று, மொத்தம் நான்கு. நாலு வரைக்கும் எண்ணுகிற ஒரே காரியம் நான்கு மொழியில் நான்கு தாளமாகிறது.

காலி மனை ஒன்றில் சுண்ணாம்புப் பொடியும் கயிறும் வைத்துப் பிள்ளைகளோடு நான் அமைத்த விளையாட்டு இதன் மேல்தான் நிற்கிறது. ஒரு தட்டுக்கு ஓர் அடி. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அடிக்கு அடி 60 சென்டிமீட்டர் இடைவெளி போதும். சின்ன வட்டத்தில் ஓடினால் தலை சுற்றும். ஆகவே வட்டம் ஒவ்வொன்றிலும் எண்ணிக்கையை இரண்டு முறை எழுதுகிறோம். தமிழ் வட்டத்தில் 16 குறிகள், கன்னடத்தில் 18, தெலுங்கில் 20. கயிற்றின் நீளம் முறையே சுமார் 1.5, 1.7, 1.9 மீட்டர். ஒவ்வொரு சொல்லின் முதல் தட்டிலும் ஒரு தடை: சுருட்டிய பழைய துணி, உள்ளங்கை உயரத்துக்கு மேல் வேண்டாம், செங்கல் கூடவே கூடாது. தடையைத் தாண்டும் கணத்தில் கையில் இருப்பதைத் தட்ட வேண்டும். ஒருவருக்குத் தகர டப்பா, ஒருவருக்குக் கொட்டாங்குச்சி, ஒருவருக்குச் சாவிக்கொத்து. இந்திக்கு வட்டமில்லை. ஒவ்வொரு தட்டுமே ஒரு சொல் என்பதால் அந்த எண்ணிக்கை நடுவில் நிற்கும் தாளக்காரருக்கு.

நொடிக்கு இரண்டு அடி என்று மூவரும் ஒன்றாகக் கிளம்புகிறார்கள். உடனே பிரிந்துவிடுவார்கள். தமிழும் தெலுங்கும் நாற்பது அடிக்கு ஒருமுறை சேர்ந்து 'ஒன்று' சொல்லும். தமிழும் கன்னடமும் எழுபத்திரண்டுக்கு ஒருமுறை. தெலுங்கும் கன்னடமும் தொண்ணூறுக்கு ஒருமுறை. எல்லாரும் ஒருசேர மறுபடி 'ஒன்று'க்கு வருவது 360 அடி முடிந்த பிறகுதான். சரியாக மூன்று நிமிடம், அதாவது ஒரு பாட்டின் நீளம். அதற்குள் தகரம் 180 தடவை ஒலிக்கும், கன்னட வட்டம் 160, தெலுங்கு வட்டம் 144. இந்த இசையை யாரும் எழுதவில்லை. எண்ணும் மொழிகளின் வேறுபாடே அதை எழுதுகிறது. யாரும் முந்துவதில்லை, பிந்துவதுமில்லை. சேர்ந்து போய்ச் சேர்வதுதான் ஜெயிப்பு.

விதிகள் மூன்றே. ஒன்று, தடுக்கியவர் அவுட் இல்லை. ஓரமாக நின்று வாயால் எண்ணிக்கொண்டே இருந்து, தன் வட்டத்தின் அடுத்த 'ஒன்று'க்கு எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அங்கே உள்ளே வரலாம். இரண்டு, மூச்சு வாங்குகிற எவரும் கையைத் தூக்கலாம். தூக்கினால் தாளக்காரர் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். மூன்று, ஆட்டத்துக்கு ஆட்டம் எல்லாரும் இடம் மாற வேண்டும்.

மூன்றாவது விதியை விளையாட்டுத்தனமாக எடுத்துக்கொள்ள முடியாது. நம் ஊர்களில் பறையடிப்பது கலையாக மட்டும் இருந்ததில்லை, தலித்துகள் மேல் ஊர் சுமத்திய கட்டாயக் கடமையாகவும் இருந்தது. தாளம் போடுகிறவரின் கையில் அதிகாரம் இருப்பதாகத் தோன்றும். அந்த இடத்தை விட்டு அவரால் நகர முடியாதென்றால் அது அதிகாரமே இல்லை, தண்டனை. அதேபோல் ஒடிசாவிலிருந்தோ ஜார்கண்டிலிருந்தோ வந்த குடும்பத்துப் பிள்ளை எப்போதும் நடுவிலும், தெலுங்குப் பிள்ளை எப்போதும் தெலுங்கு வட்டத்திலும் நின்றால் இது மொழிகளின் விளையாட்டாக இருக்காது, மொழிவாரிக் கணக்கெடுப்பாகிவிடும். பிறர் மொழியில் எண்ணிக் கால் வைக்கும்போதுதான் தன் மொழிக்கும் ஒரு தாளம் உண்டென்று உடம்புக்குத் தெரிகிறது.

இதைக் கைபேசியிலும் செய்யலாம். முக்கியமான கணக்கு குதிப்பில் இருக்கிறது. குதித்து இறங்க ஆகும் நேரம் தாளத்தின் ஒரு தட்டோடு ஒத்துப்போக வேண்டும். தட்டு அரை நொடி, குதிக்கும் உயரம் 100 புள்ளி என்றால், மேலெழும் வேகம் நொடிக்கு 800 புள்ளி, கீழிழுக்கும் விசை அதன் நான்கு மடங்கு எண், 3,200. தொடுவதில் முன்னே பின்னே நூறு மில்லிநொடி பிசகை மன்னிக்கலாம். மலிவான கைபேசிகளில் தொட்டதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையே தாமதம் உண்டு, புளூடூத் செவிப்பொறி மாட்டினால் இன்னும் கூடும். ஏழைப் பிள்ளையின் கருவி செய்யும் தாமதத்தை அந்தப் பிள்ளையின் பிழையாக எழுதுகிற நிரலும் ஓர் அரசியல்தான். சுரம் சேர்ப்பவர்கள் மோகனத்தின் ஐந்து சுரங்களை எடுத்துக்கொண்டால் எந்த வரிசையிலும் காதை உறுத்தாது. அதில் ஒரு கண்ணியும் உண்டு. எதைத் தொட்டாலும் இனிமை என்றால் தொடுகிறவருக்கு அங்கே என்ன வேலை? எனக்குத் தகரமே போதும்.

"தாளத்துக்கு ஓடப் பழக்கறதைத்தானே ஃபேக்டரியும் பண்ணுது, நீங்க புள்ளைங்கள அதுக்குத்தானே தயார் பண்றீங்க?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. கார்ல் பியூகர் 1896இல் உழைப்பும் தாளமும் பற்றி எழுதியபோது, கூட்டாக உழைக்கும் உடல்களின் அசைவிலிருந்தே பாட்டு பிறந்தது என்று வாதிட்டார். அதை அப்படியே நம்பிப் பழைய வேலைப்பாட்டைக் கொண்டாட நான் தயாரில்லை. நாற்றங்காலில் பாட்டு களைப்பையும் ஆற்றியது, பண்ணையாரின் வேலையையும் வேகப்படுத்தியது. தாளம் தன்னளவில் விடுதலையுமில்லை, அடிமைத்தனமுமில்லை. அதை மாற்றும் உரிமை எவரிடம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம். டொயோட்டா முறையில்கூடப் பழுது கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், லைனும் நிற்கலாம். ஆனால் கயிறு உற்பத்தியில் வரும் சிக்கலுக்கானது. "எனக்கு மூச்சு வாங்குகிறது" என்பது அங்கே பழுதுகளின் பட்டியலில் வராது. நமது இரண்டாவது விதி அதை மட்டும்தான் பட்டியலில் சேர்க்கிறது.

காலி மனையில் கையைத் தூக்கினால் சிப்காட்டில் எந்த லைனும் நிற்கப்போவதில்லை. 360ஆவது அடியில் ஒன்றாக வந்து சேர்வதால் தொழிலாளர் ஒற்றுமை வந்துவிட்டதென்றும் சொல்ல மாட்டேன். நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இடையிலுள்ள கூலி வித்தியாசத்தைச் சுண்ணாம்புப் பொடி அழிக்காது. வேகம் என்பது இயற்கை விதி இல்லை, யாரோ போட்ட கணக்கு, அந்தக் கணக்கைத் திரும்பப் போட முடியும் என்பதைக் கால்களுக்குச் சொல்லித்தர ஓர் ஆட்டத்தால் முடியும். உங்கள் ஊரில் எந்த மொழியில் எண்ணுகிறார்களோ அதை வைத்து வட்டம் போடுங்கள். இருளர்களின் எண்ணிக்கை சேர்ந்தால் 360 என்ற கணக்கு உடையக்கூடும். உடைந்தால் புதிய எண்ணைக் கண்டுபிடியுங்கள், விதிகளையும் மாற்றுங்கள். கையைத் தூக்குகிற அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.