கோஷே நோயைக் கண்டறியும் நொதிச் சோதனை

மனித உயிரணுவுக்குள், பயன் முடிந்த பொருள்களைச் சிதைக்கும் லைசோசோம் என்னும் நுண்பைகளில் பலவகை நொதிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றான குளுக்கோசெரிப்ரோசிடேஸ் பிறவியிலேயே குறைந்திருந்தால், பழைய குருதியணுக்களின் உறையிலிருந்து வரும் ஒருவகைக் கொழுப்பு சிதையாமல் தேங்கி, மண்ணீரலும் கல்லீரலும் பெருத்து, இரத்தசோகையும் எலும்பு வலியும் தோன்றுகின்றன. 1882-இல் பிரெஞ்சு மருத்துவர் பிலிப் கோஷே இந்நோயை முதலில் விவரித்தபோது மண்ணீரலில் தோன்றிய புற்று என்றே கருதினார். நொதிக் குறைவே காரணம் என்பதை அமெரிக்காவில் ராஸ்கோ பிரேடியின் குழு 1965-இல் நிறுவியது.

மண்ணீரல் வீக்கத்துக்கு மலேரியா முதல் இரத்தப் புற்று வரை காரணங்கள் பல. எலும்பு மச்சையில் கொழுப்பேறிய 'கோஷே அணுக்கள்' தென்பட்டாலும், அவற்றை ஒத்த அணுக்கள் சில இரத்தப் புற்றுகளிலும் காணப்படுவதால், நொதியின் செயல்திறனை நேரடியாக அளப்பதே உறுதியான வழியாகிறது.

இச்சோதனை நொதியின் அளவை எண்ணுவதில்லை. அது செய்யும் வேலையையே அளக்கிறது. இரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளை அணுக்களை உடைத்து, அந்தச் சாற்றுடன் ஒரு செயற்கைப் பொருளைச் சேர்த்து, அமிலத்தன்மையுள்ள கரைசலில் 37 டிகிரி செல்சியஸில் வைக்கின்றனர். நொதி அப்பொருளை வெட்டும்போது மெத்தில்அம்பெல்லிஃபெரோன் என்னும் மூலக்கூறு விடுபடுகிறது. காரக் கரைசல் சேர்த்து வினையை நிறுத்தியபின், ஏறத்தாழ 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால், அது நீல நிறத்தில் ஒளிர்கிறது. ஒளிர்வு எவ்வளவு குறைகிறதோ, நொதியின் வேலையும் அவ்வளவு குறைவு. நோயாளிகளிடம் இது பெரும்பாலும் இயல்பு அளவில் 15 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கும்.

ஆனால் குறைந்த எண் எல்லாம் நோயைக் குறிப்பதில்லை. திருவண்ணாமலையில் எடுத்த இரத்தம் ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையின் ஆய்வகத்துக்குக் கோடையில் குளிர்ச்சியின்றிச் சென்றால், நொதி வழியிலேயே கெட்டு, நலமுள்ளவருக்கும் குறைந்த எண்ணே கிடைக்கலாம். ஆகவே, அதே மாதிரியில் பீட்டா கேலக்டோசிடேஸ் போன்ற வேறொரு நொதியையும் அளக்கின்றனர்; அது இயல்பாக இருந்து இது மட்டும் குறைந்திருந்தால்தான் ஐயம் நோயின் பக்கம் திரும்புகிறது. வடிதாளில் உலர்த்திய இரத்தத் துளியை அனுப்புவது தொலைவூர்களுக்கு எளிது. எனினும் அதில் குறைவு காணப்பட்டால், வெள்ளை அணுச் சோதனையாலோ மரபணுச் சோதனையாலோ அதை உறுதிசெய்தல் வேண்டும்.

பெற்றோர் இருவரும் குறையுள்ள மரபணுவின் ஒரு படியைச் சுமந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. உறவுமுறைத் திருமணத்தில் இத்தகைய பொருத்தம் நேரும் வாய்ப்பு கூடுகிறது. மரபணுவைச் சுமப்பவரின் நொதி அளவு இயல்பானவரின் அளவோடு கலந்துவிடுவதால், அவரை இனங்காண நொதிச் சோதனை போதாது. அதற்கு மரபணுச் சோதனையே தேவை.

நொதியை ஊசிவழி ஈடுசெய்யும் மருத்துவம் வாழ்நாள் முழுவதும் தொடர்வது. செலவும் மிக அதிகம். 2021-ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின் கீழ் 50 இலட்சம் ரூபாய் வரை உதவி பெற வழியுண்டு. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை அதற்கான சிறப்பு மையங்களுள் ஒன்று. அத்தகைய நெடிய மருத்துவத்துக்கு அடிப்படையாக நிற்பது ஆய்வகம் தரும் எண் என்பதால், மாதிரி எடுத்த நேரத்தையும் அது வந்த நிலையையும் பதிவு செய்வது, நொதியை அளப்பதற்கு இணையான பணியாகிறது.