பொருத்துக்கள் உரைத்த வயது

இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்திலே, கிறெசிங் ரெம்பிள் என்னும் பழம் பண்ணையில், இரு பெரும் மரக் களஞ்சியங்கள் நிற்கின்றன. ஒன்று வாற்கோதுமைக் களஞ்சியம் என்றும், மற்றையது கோதுமைக் களஞ்சியம் என்றும் வழங்கும். 1137 ஆம் ஆண்டிலே மெற்றில்டா அரசி இந்நிலத்தை ரெம்பிளர் எனப்பட்ட துறவி வீரர்களுக்கு அளித்தாள். களஞ்சியங்களை எழுப்பியோர் அவர்களே.

மழையும் பனியும் மிகுந்த நாட்டிலே கதிர்க்கட்டுக்களைக் கூரையின்கீழ் அடுக்கி, மாரிகாலம் முழுவதும் சிறிது சிறிதாக அடித்தெடுத்தனர். எதிரெதிரான பெருங்கதவுகளுக்கு இடைப்பட்ட தரையே களம். இரண்டையும் திறந்துவிட்டால் ஊடே வீசும் காற்றுப் பதரைக் கொண்டுபோகும். உள்ளே இரு வரிசைத் தூண்கள் கூரையின் பாரத்தைப் பெரிதும் தாங்குகின்றன. ஆதலால் பக்கச் சுவர்கள் தாழ்வாகவே அமைந்தன. பெருந்தேவாலயங்களின் அமைப்பும் ஏறக்குறைய இதுவே. ஆயினும் தேவாலயத்தைப் போற்றிய அறிஞர் பலர், களஞ்சியத்தை நெடுங்காலம் ஏறெடுத்தும் பார்த்திலர்.

பார்த்தவர் ஒரு பாடசாலை ஆசிரியர். கைப்பணி கற்பித்த செசில் ஹியூவெற் என்பார், மரங்கள் ஒன்றோடொன்று கூடும் பொருத்துக்களை ஆராய்ந்தார். சாய்வாகத் தாங்கும் மரத்தின் நுனியைப் பாதியளவு செதுக்கித் தூணின் முகத்திலே பதித்து, அது வெளியே இழுபடாதபடி விளிம்பில் ஒரு வெட்டும் இட்டிருந்தனர் பழந்தச்சர். வாற்கோதுமைக் களஞ்சியத்தில் அவ்வெட்டு வெளிப்படையாகத் தெரியும். கோதுமைக் களஞ்சியத்திலோ அது மரத்தினுள்ளே மறைந்துள்ளது. பிற்காலத்தார் இம்முறையைக் கைவிட்டுத் துளையும் நாக்குமாகப் பொருத்தலாயினர். தச்சர் கைப்பழக்கம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதால், பொருத்தைக் கொண்டே காலத்தைக் கணிக்கலாம் என்றார் ஹியூவெற். எசெக்ஸ் மாவட்டத்து மரவேலை பற்றிய அவரது நூல் 1969 இல் வெளிவந்தது.

வெறும் பொருத்தை நம்பி நூற்றாண்டைக் கூறலாமா என ஐயுறுவது நியாயமே. அதற்கு விடை மரத்துக்குள்ளேயே இருந்தது. ஓக் மரம் ஆண்டுக்கு ஒரு வளையமாக வளரும். மழை மிகுந்த ஆண்டின் வளையம் அகன்றும், வறண்ட ஆண்டினது ஒடுங்கியும் இருக்கும். அவ்வரிசையை ஆண்டு தெரிந்த மரங்களின் வரிசையோடு ஒப்பிட்டனர். வாற்கோதுமைக் களஞ்சியத்தின் மரங்கள் 1205க்கும் 1235க்கும் இடையிலும், கோதுமைக் களஞ்சியத்தின் மரங்கள் அந்நூற்றாண்டின் பிற்பாதியிலும் வெட்டப்பட்டவை எனத் தெரிந்தது. இரண்டும் 13 ஆம் நூற்றாண்டினவே.

அருகே நிற்கும் பண்ணைவீடும் மரச்சட்டகத்தாலானதே. ஆயினும் களஞ்சியங்களுக்கு முந்நூறாண்டுகளேனும் இளையது. 1312 இல் ரெம்பிளர் சபை கலைக்கப்பட்டபின் பண்ணை பலர் கைமாறியது. 1987 இல் எசெக்ஸ் மாவட்ட சபை அதனை விலைக்கு வாங்கியது.