கப்பல் டூரா, சொந்தக் காலா?

விளம்பரப் புத்தகத்தில் 'ரோம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கப்பல் போய் நிற்கும் இடமோ சிவிதவெக்கியா. அங்கிருந்து ரோம் நகரத்துக்குச் சுமார் 70 கிலோமீட்டர். 'ஃபுளோரன்ஸ்' என்று இருந்தால் கப்பல் நிற்பது லிவோர்னோவில். அங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர். 'ஏதென்ஸ்' என்றால் பிரேயஸ். வெனிஸ் கதை இன்னும் வேடிக்கை. பெரிய கப்பல்கள் சான் மார்கோ சதுக்கத்துக்கு முன்னால் வரக்கூடாது என்று 2021 ஆகஸ்டில் இத்தாலிய அரசு தடை போட்டது. அதன் பிறகு 'வெனிஸ்' என்று விற்கப்படும் பயணங்களில் பல ராவென்னாவிலோ த்ரியெஸ்தேயிலோ நிற்கின்றன. அங்கிருந்து வெனிஸுக்குப் போகவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும்.

இந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதுதான் மத்தியதரைக் கடல் க்ரூஸில் ஒவ்வொரு துறைமுகத்திலும் எழும் கேள்வி. கப்பல் கம்பெனி விற்கும் டூரில் சேர்ந்துகொள்வதா, இறங்கி நம் பாட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதா? கப்பலில் சாப்பாட்டு மேஜைக்கு மேஜை இதே பேச்சுதான். துணிச்சல்காரர்கள் தனியாகப் போவார்கள், பயந்தவர்கள் டூரில் போவார்கள் என்று அங்கே பொதுவாக ஓர் எண்ணம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தப் பயணத்தையும் தூரம், கனெக்ஷன், திரும்பும் வண்டி என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் இன்னும் விடவில்லை. மகன் புக் செய்து கொடுத்த க்ரூஸில் நானும் என் மனைவியும் பார்சிலோனாவில் ஏறி பிரேயஸில் இறங்கினோம். சில ஊர்களை டூரில் பார்த்தோம், சில ஊர்களுக்கு ரயிலில் போனோம், சில ஊர்களில் சும்மா நடந்தோம்.

ஒரே சீட்டில் மூன்று சரக்கு

கப்பல் டூர் என்று வாங்குகிறோமே, அதில் மூன்று சரக்குகள் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று வாகனம். இரண்டு வழிகாட்டி. மூன்றாவது, பலரும் கணக்கில் எடுக்காதது: பொறுப்பு. கம்பெனியின் டூர் பஸ் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாமல் போனால் அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பிவைப்பது கம்பெனியின் செலவு. நாமாகப் போய்த் தாமதமாக வந்தால் ஏறும் பாலமான கேங்வேயை எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுகப் பைலட்டும் அடுத்து வரும் கப்பலும் காத்திருக்கும் துறைமுகத்தில் கேப்டனால் வேறொன்றும் செய்ய முடியாது. கடைசி நிமிடத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களுக்கு 'பியர் ரன்னர்' என்றே பெயர். மேல்தளத்தில் நின்று கைதட்டி வேடிக்கை பார்ப்பது க்ரூஸ் பயணிகளின் பொழுதுபோக்கு.

ஹோட்டல் ஃபுல் மீல்ஸ் போலத்தான் இந்த டூர். பசி, நேரம், காசு மூன்றும் ஒத்துவந்தால் நல்ல பேரம். இரண்டு கூட்டு மட்டும் வேண்டுமென்றால் தனியாக வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். ஆகவே ஒவ்வொரு துறைமுகத்திலும் கேட்க வேண்டியது, இந்த மூன்றில் இன்றைக்கு எனக்கு எது தேவை என்பதுதான்.

ரோம்: ரயில் போதும்

ரோமுக்கு எங்களுக்கு வாகனம் மட்டும் போதும் என்று தோன்றியது. சிவிதவெக்கியாவில் துறைமுக பஸ் வெளிவாசலில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு டவுன் பஸ் உண்டு, கடலோரமாக நடந்தும் போகலாம். ரோமா சான் பியெத்ரோ ஸ்டேஷன் வரை ரீஜனல் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். டிக்கெட் 5 யூரோவை ஒட்டித்தான். கப்பல் கம்பெனி வழிகாட்டி இல்லாமல் வெறும் பஸ்ஸுக்கு வாங்கும் காசு அதைப்போல் பல மடங்கு.

ஆனால் இத்தாலியில் ரீஜனல் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கிவிட்டால் மட்டும் வேலை முடியவில்லை. பிளாட்பாரச் சுவரில் சின்னப் பெட்டி ஒன்று மாட்டியிருக்கும். டிக்கெட்டின் முனையை அதன் வாயில் நுழைத்து இடப்பக்கமாகத் தள்ளினால் 'டர்ர்' என்று தேதியும் நேரமும் அச்சாகும். அந்த அச்சு விழாத டிக்கெட், டிக்கெட்டே இல்லை. எங்களுக்கு எதிர் சீட்டில் கப்பலிலிருந்து வந்த ஒரு தம்பதி. புத்தம்புது டிக்கெட்டைப் பெருமையாக நீட்டினார்கள். பரிசோதகர் அதைப் புரட்டிப் பார்த்தார், ஓரத்தை விரலால் தடவினார், பைக்குள்ளிருந்து அபராத ரசீது புத்தகத்தை எடுத்தார். சத்தம் போடவில்லை, முகம் சுளிக்கவில்லை. நல்ல பரிசோதகர் எந்த நாட்டிலும் அப்படித்தான் இருப்பார்.

சான் பியெத்ரோவில் இறங்கினால் புனித பேதுரு பேராலயத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. எனக்கு அந்த ஸ்டேஷனே ஒரு காட்சிதான். அங்கிருந்து பிரிந்து போகும் ஒரு தண்டவாளம், பாலம் ஒன்றைக் கடந்து, மதிலில் இருக்கும் பெரிய இரும்புக் கதவு வழியாக வத்திக்கானுக்குள் நுழைகிறது. உலகத்தின் மிகச் சின்ன நாட்டுக்கும் சொந்த ரயில் பாதை உண்டு. மதிலுக்கு உள்ளே ஒரு கிலோமீட்டர்கூட வராது. எந்த டூர் பஸ்ஸும் இதற்காக நிற்காது. பிடித்ததன் முன்னால் பிடித்த நேரம் நிற்கலாம் என்பதுதான் சொந்தமாகப் போவதில் கிடைக்கும் லாபம்.

ரயிலை நம்பிப் போகிறவர்கள் முதல் நாளே பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வேலைநிறுத்தம். இத்தாலியில் அதை முன்கூட்டியே அறிவிப்பார்கள். வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் ரீஜனல் ரயில்கள் கட்டாயம் ஓடும். இது ஆபீஸ் போகிறவர்களுக்கான ஏற்பாடு. மாலை 6 மணிக்குக் கப்பலில் இருக்க வேண்டியவருக்கு உதவாது. அன்றைக்கு டூர்தான் சரி. இரண்டாவது, விடுமுறை. வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர. ஃபுளோரன்ஸின் உஃபிஸி கலைக்கூடம் திங்கட்கிழமை திறக்காது. கப்பலின் கால அட்டவணை இதையெல்லாம் பார்த்துப் போட்டதல்ல.

ஃபுளோரன்ஸ்: பொறுப்பை விலைக்கு வாங்கினோம்

லிவோர்னோவிலும் ரயில் உண்டு. ஆனால் துறைமுகத்திலிருந்து ஊருக்கு ஒரு பஸ், ஊரிலிருந்து ஸ்டேஷனுக்கு இன்னொரு பஸ், அப்புறம் ஃபுளோரன்ஸுக்கு ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிய ரயில். மூன்று கனெக்ஷன், திரும்பும்போதும் அதே மூன்று. ஒன்று தவறினாலும் மற்றவை சாயும். என் மனைவிக்கு முழங்கால் வலி வேறு. கப்பலிலேயே 'ஃபுளோரன்ஸ், ஆன் யுவர் ஓன்' என்று ஒரு சீட்டு விற்கிறார்கள்: பஸ் போகும், வரும், நடுவில் நம் இஷ்டம். அதைத்தான் வாங்கினோம். பீசா மட்டும் போதும் என்கிறவர்கள் இவ்வளவு யோசிக்க வேண்டாம். லிவோர்னோ ஸ்டேஷனிலிருந்து பீசா இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும்.

பொம்பெய்: கதை சொல்ல ஆள் வேண்டும்

பொம்பெய்க்குத் துறைமுகம் நேப்பிள்ஸ். அங்கே கப்பல் நிற்பதே ஊருக்கு நடுவில். சாலையைத் தாண்டினால் காஸ்தெல் நுவோவோ கோட்டை, பக்கத்திலேயே முனிசிப்பியோ மெட்ரோ. ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கு டூர் தேவையே இல்லை. பொம்பெய்க்கு மெட்ரோவில் கரிபால்டி வரை போய், அங்கே சர்க்கும்வெசுவியானா ரயிலில் சொர்ரெந்தோ பாதையைப் பிடித்து, 'பொம்பெய் ஸ்காவி - வில்லா தெய் மிஸ்தேரி' ஸ்டேஷனில் இறங்க வேண்டும். வேறு பாதையிலும் பொம்பெய் என்ற பெயரில் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அது இடிபாடுகளின் மறுபக்கம். கூட்டத்தில் பர்ஸ் முன்பையில் இருக்கட்டும்.

போக்குவரத்தில் சிக்கல் இல்லை. ஆனால் வாசலில் என் மனைவி நின்றுவிட்டாள். "ஏங்க, வெறும் சுவரைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? கதை சொல்ல ஒரு ஆளைப் பிடிங்க" என்றாள். உரிமம் பெற்ற வழிகாட்டிகள் அங்கேயே கிடைக்கிறார்கள். ஒருவரோடு இன்னும் சிலர் சேர்ந்து பகிர்ந்துகொண்டோம். தெருவைக் கடக்க நடுவில் மூன்று பெரிய கற்கள் போட்டிருந்த இடத்தில் அவர் எங்களை நிறுத்தினார். கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தன் செருப்புக்காலை வைத்துக் காட்டினார்: கீழே தளக்கல்லில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடித் தேய்ந்த பள்ளம், ஒரு கை ஆழம் இருக்கும். ஜனங்கள் தெருத் தண்ணீரில் கால் வைக்காமல் கடக்கக் கல். சக்கரம் போக இடைவெளி. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து ஊரை மூடியபோதே அந்தப் பள்ளம் அங்கே இருந்தது. அவர் சொல்லாவிட்டால் கல்லைத் தாண்டிப் போயிருப்போம், அவ்வளவுதான். பொம்பெய்யில் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதியில்லை என்று 2024 நவம்பரில் வரம்பு வைத்துவிட்டார்கள். டிக்கெட்டில் பெயரும் இருக்கும். அடையாள அட்டையோடு போங்கள்.

துருக்கியின் குஷாதாசியிலும் இதே கணக்கு. அங்கிருந்து எபேசு இடிபாடுகள் சுமார் 20 கிலோமீட்டர்தான். டாக்ஸியைப் பகிர்ந்துகொண்டு போகலாம். எபேசுவுக்கு மேலே ஒரு வாசல், கீழே ஒரு வாசல். டூர் பஸ்கள் மேல்வாசலில் இறக்கிவிட்டுக் கீழ்வாசலில் ஏற்றிக்கொள்ளும். செல்சஸ் நூலகம் வரை இறக்கமாகவே நடக்கலாம். டாக்ஸிக்காரரிடமும் அப்படியே பேசிவையுங்கள். டூரில் போனால் கடைசியில் கம்பளக் கடையில் தேநீரும் விற்பனையும் உண்டு என்பதையும் எதிர்பாருங்கள்.

சாந்தோரினி: டூருக்கும் வரிசை உண்டு

சாந்தோரினியில் கப்பல் கரையைத் தொடாது. 'டெண்டர்' என்ற சின்னப் படகில் இறக்குவார்கள். சொந்தமாகப் போகிறவர்கள் இறங்குவது செங்குத்துப் பாறையின் அடியில். மேலே ஃபிரா ஊருக்குப் போக கேபிள் கார், இல்லாவிட்டால் ஏறத்தாழ 600 படிகள், இல்லாவிட்டால் கழுதை. 100 கிலோவுக்கு மேல் கழுதை முதுகில் ஏற்றக்கூடாது என்று 2018இல் கிரேக்க அரசு விதி போட்டது. டூர் சீட்டு வாங்கியவர்களை முதல் படகில் அதினியோஸ் துறைக்குக் கொண்டுபோய், பஸ்ஸில் நேரே ஈயா கிராமத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். காலை வரிசை மிச்சம். ஆனால் அதற்குப் பிறகு ஃபிராவில் இறக்கிவிட்டுவிடுவார்கள். கீழே வர எல்லோருக்கும் அதே கேபிள் கார்தான். பல கப்பல் ஒன்றாக நிற்கும் நாளில் மாலை வரிசை ஊருக்குள் நீளும். இரண்டு மணி நேரம் முன்னதாக இறங்கிவிடுங்கள்.

இதற்கு நேர் எதிர் மால்டாவின் வலேட்டா. கிராண்ட் ஹார்பரில் கப்பல் நின்றதும், நடக்கும் தூரத்தில் 58 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடும் பராக்கா லிஃப்ட். மேலே தோட்டம், பகல் 12 மணிக்குப் பீரங்கி முழக்கம், பின்னால் முழு ஊரும். மோண்டினீக்ரோவின் கோட்டோரும் அப்படித்தான். கோட்டை வாசல் துறைமுகத்துக்கு எதிரே. இங்கெல்லாம் டூர் வாங்குவது வீண்.

பிரேயஸிலிருந்து ஏதென்ஸுக்கு மெட்ரோ போதும். 1ஆம் பாதை பழையது; 2022இல் 3ஆம் பாதையும் பிரேயஸ் வரை வந்துவிட்டது. ஆனால் அக்ரோபோலிஸுக்கு நேரம் குறித்த டிக்கெட்டை வீட்டிலேயே வாங்கிவிடுங்கள். கடும் வெயில் நாட்களில் மதியம் மூடிவிடுவதால் காலை நேரமே நல்லது.

கைக்கடிகாரமும் விசாவும்

இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறதோ அதுதான் நமக்குச் சட்டம். செல்போன் கரையில் தானாக மாறிக்கொள்ளும்; நான் என் பழைய எச்எம்டி கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்துக்கொண்டேன். பெரும்பாலும் புறப்படும் நேரத்துக்கு அரை மணி முன்பே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். அந்த அரை மணிக்கும் ஒரு மணி நேரம் முன்னால் துறைமுகத்தில் இருப்பதாகத் திட்டமிட்டு, அதற்கு ஏற்ற ரயிலைத் தேடுங்கள். அதற்கும் முந்தைய வண்டியில் ஏறுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு இன்னொரு விஷயம். குஷாதாசியும் கோட்டோரும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே. அங்கே போய்விட்டுக் கிரேக்கத்துக்கோ இத்தாலிக்கோ திரும்ப வேண்டுமென்றால் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா வேண்டும். கப்பலைத் தவறவிட்டு அடுத்த துறைக்கு விமானத்தில் துரத்தவும் அதே விசாதான் கைகொடுக்கும். கப்பல் தினமும் தரும் தாளில் அந்த ஊர் ஏஜென்ட்டின் போன் நம்பர் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு, பாஸ்போர்ட் நகலோடு இறங்குங்கள்.

கப்பல் டூர்களைப் பெரும்பாலும் ஓரிரு நாள் முன்பு வரை ரத்து செய்யலாம் என்பதால் முடிவெடுக்க அவகாசம் இருக்கிறது. வாகனம், வழிகாட்டி, பொறுப்பு என்று மூன்று கட்டம் போட்டு, துறைமுகத்துக்கு ஒரு வரி எழுதிப் பாருங்கள். மூன்றும் காலியாக நிற்கும் வரிகள் சில கட்டாயம் தேறும். அங்கே மிச்சமாகும் காசில் பொம்பெய்யில் ஒரு நல்ல வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளலாம்.