டக்ளஸ் சர்க்: மாறிய மதிப்பீடு

1955-இல் வெளிவந்த ‘ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்’ படத்தை, பெண்களை அழவைக்கும் இன்னொரு குடும்பக்கதை என்றே அன்றைய அமெரிக்க விமர்சகர்கள் பலர் ஒதுக்கினார்கள். கணவரை இழந்த வசதியான பெண்மணி, தன்னைவிட இளையவரான தோட்டக்காரரைக் காதலிக்கிறார். ஊராரும் பெற்ற பிள்ளைகளும் எதிர்க்கிறார்கள். கதை பழகியதுதான். இயக்குநர் டக்ளஸ் சர்க் காட்டிய விதத்தில்தான் அதன் கூர்மை இருக்கிறது. காதலைத் துறந்த தாய்க்குப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் பரிசாகத் தொலைக்காட்சிப் பெட்டி தருகிறார்கள். விற்பனையாளர் அதன் அருமையைச் சொல்லிக்கொண்டிருக்க, படம் ஓடாத திரையில் தாயின் வாடிய முகம் பிரதிபலிக்கிறது. நடுத்தர வர்க்கத்தின் போலி மரியாதையை இத்தனை கடுமையாகச் சாடிய காட்சிகள் அக்கால ஹாலிவுட்டில் அரியவை.

நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறியவர் சர்க். அவரை முதலில் மறுமதிப்பீடு செய்தவர்கள் ஐரோப்பியர்கள். பிரான்சின் ‘காயே து சினிமா’ இதழ் 1967-இல் அவருக்குத் தனிக் கவனம் அளித்தது. 1971-இல் ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டர் அவரைப் பாராட்டிக் கட்டுரை எழுதினார். 1974-இல் ‘ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்’ படத்தின் கருவை, துப்புரவுப் பணிப்பெண்ணும் மொராக்கோத் தொழிலாளியும் காதலிக்கும் கதையாக மாற்றிப் படமெடுத்தார். 1995-இல் சர்க்கின் படம் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.