காற்றுக்குள் ஒளிந்திருக்கும் நெருப்பு

சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். நெருக்கினால் காற்று சூடாகும் என்பது மனிதன் இயற்றிய சட்டமல்ல; படைப்போடு பிறந்த நியதி. மலாய் நாட்டிலும் பர்மாவிலும் வாழ்ந்த மக்கள் குழலுக்குள் தண்டை ஓங்கி அறைந்தே பஞ்சில் தீ மூட்டினார்கள். பாரம் ஏற்றிய லாரி மலையேறுவதும், டிராக்டர் களிமண்ணைப் புரட்டுவதும் அதே நியதியின் தயவில்தான்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றோடு கலந்த எரிபொருளைப் பிஸ்டன் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக நெருக்குகிறது. ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறது. டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது. அங்கே வெறும் காற்று பதினைந்தில், இருபதில் ஒரு பங்காகச் சுருங்கி 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அதில் தூவிய டீசல் தானே பற்றிக்கொள்கிறது.

இரண்டு எரிபொருளுக்கும் தாய் ஒன்றுதான். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் மிதந்த நுண்ணுயிர்கள் வெயிலை உண்டு வளர்ந்து, மடிந்து, சேற்றில் புதைந்து கச்சா எண்ணெயாயின. அதில் நீண்டு நேராக ஓடும் கரிமத் தொடர்கள் சூட்டில் சட்டென்று பற்றும். டீசலுக்கு அந்தக் குணம் வேண்டும். குட்டையாகக் கிளைவிட்ட தொடர்கள் சூடு பொறுத்துப் பொறிக்காகக் காத்திருக்கும். பெட்ரோலுக்கு அந்தப் பொறுமை வேண்டும்.

நெருக்கினால் சூடாகும் அந்த நியதியை எஞ்சினாக்கியவர் ருடால்ஃப் டீசல். 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் சுமார் 26 சதவீதத்தை உழைப்பாக மாற்றிக் காட்டியது. அன்றைய நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவை அதில் பாதியை எட்டவே திணறின. 1920-களில் ஜெர்மானிய லாரிகளிலும் டிராக்டர்களிலும் டீசல் குடியேறியது. 1931-ல் அமெரிக்காவில் கேட்டர்பில்லர் நிறுவனம் டீசல் டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதிக நெருக்கத்தால் எரிபொருள் மிச்சம். குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை. உழவுக்கும் பாரத்துக்கும் வேறென்ன வேண்டும்? கரும்புகையும் கனத்த உடலும் அதற்கு நாம் தரும் விலை. எடை குறைந்து விரைந்து சுழலும் பெட்ரோல் எஞ்சின் ஸ்கூட்டருக்குப் பொருந்தியது.

எரிபொருளை மாற்றி ஊற்றினால் என்ன ஆகும்? டீசலின் அவசரம் பெட்ரோல் எஞ்சினைத் தட்டித் தடுமாற வைக்கும். பெட்ரோலின் பொறுமை டீசல் எஞ்சினுக்குச் சுமையாகும். சட்டென்று பற்றுவது ஓரிடத்தில் வரம், வேறிடத்தில் கேடு. படைத்தவன் எந்தக் குணத்தையும் வீணாக வைக்கவில்லை. அதற்குரிய இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை மட்டும் மனிதனுக்கு விட்டுவைத்தான்.