உழவு இயந்திரமும் நாரி நோவும்

ஊரில் உழவு இயந்திரம் ஓட்டியவர்களுக்கு நாரி நோவு புதிதல்ல. எண்ணெய் பூசிவிட்டு மறுநாளும் ஏறுவார்கள். இங்கே போர்கோ வெக்கியோவில் எங்களோடு குடியிருந்து தோட்ட வேலைக்குப் போகும் சகோதரர்கள் அப்படி விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இருக்கை வழியாக ஏறும் அதிர்வு முள்ளந்தண்டைத் தாக்குகிறது. கழுத்தைத் திருப்பிப் பின்னால் கலப்பையைப் பார்த்தபடி ஓட்டினால் பாதிப்பு இன்னும் கூடும்.

இருக்கையை உங்கள் உடல் எடைக்கேற்பச் சரிசெய்யுங்கள். மேடுபள்ளத்தில் மெதுவாகப் போங்கள். இறங்கும்போது குதிக்காதீர்கள். இறங்கிய கையோடு மூட்டை தூக்காதீர்கள். பாதுகாப்பு இரும்புச் சட்டகத்தை நிமிர்த்தி, இருக்கைப் பட்டியையும் கட்டுங்கள். வண்டி கவிழ்ந்தால் உயிரைக் காப்பவை இவை இரண்டுமே.

2008ஆம் ஆண்டின் 81ஆம் இலக்க இத்தாலியச் சட்டப்படி, அதிர்வு குறித்த அளவைத் தாண்டினால் முதலாளி தன் செலவில் மருத்துவப் பரிசோதனை செய்விக்கவேண்டும். தொழிற்சாலையில் பாரமேற்றும் வண்டி ஓட்டும் எங்களுக்கும் இதே சட்டம்தான். உழவு இயந்திரத்தைத் தொடர்ந்து ஓட்டுவோருக்கு நாரியில் வரும் தட்டுவிலகல், தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. ஆகவே, "இது வேலையால் வந்த நோவு" என்று வைத்தியரிடம் சொல்லி எழுதிவாங்குங்கள். இனாயில் என்ற தொழில் காப்புறுதி நிறுவனத்திடம் நட்டஈடு கேட்க அந்தக் கடிதம் வேண்டும்.

வேலை போய்விடுமென்று பயந்து மறைக்கும் நோவு, நாளை வேலையையும் கெடுத்து ஆளையும் படுக்கவைக்கும். வீட்டிலுள்ளோரே, கேட்டுப் பாருங்கள்.