தென்னையின் அடித்தண்டு அழுகல் : அறிதலும் தடுத்தலும்

தோப்பில் ஒரு தென்னை மடிந்தால் அதனை உரியவரின் நஷ்டமென்று மட்டும் கருதுவது வழக்கம். இடியாலோ காற்றாலோ மடிந்த மரத்தைப் பொறுத்தவரை இக்கருத்து சரியே. ஆனால், அடித்தண்டு அழுகி மடிந்த மரம் அத்தகையதன்று. அதன் நோய் மண்ணில் தங்கி, வேர் வழியாகவும் பாசன நீர் வழியாகவும் அடுத்த மரத்தையும், வரப்புக்கு அப்பாலுள்ள தோப்பையும் சென்று பற்றும். ஆகவே இந்நோயைப் பற்றி அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

இதற்குத் 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்னும் பெயர் வழங்குகிறது. 1952-ஆம் ஆண்டுப் புயலை அடுத்துத் தஞ்சாவூர் மாவட்டத் தோப்புகளில் இது கவனிக்கப்பட்டமையால் இப்பெயர் ஏற்பட்டது. பெயரைக் கேட்டு இஃது அயலூர் நோயென்று கட்டுமாவடி வட்டாரத்தார் எண்ணுதல் வேண்டா. 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் அமையும் வரை அறந்தாங்கிப் பகுதியும் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்ததே. பட்டுக்கோட்டையை அடுத்த வேப்பங்குளத்தில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் இந்நோயைப் பற்றி நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளது. கர்நாடகத்தில் இதே நோயைக் காளான் நோய் என்னும் பொருள்பட 'அணபே ரோகம்' என்பர். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் எண்ணெய்ப் பனைக்குப் பெருங்கேடு விளைவிப்பதும் இவ்வினத்துப் பூசணமேயாகும்.

இப்பொழுது இதனைப் பற்றி எழுதுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் நமது கடலோரத் தோப்புகள் பெரிதும் வீழ்ந்தன. அதன் பின்னர் நட்ட கன்றுகள் இன்று பாளை விடும் பருவத்தை எட்டியுள்ளன. இந்நோயோ பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான மரங்களையே அதிகமாகத் தாக்குவது. புயலில் சாய்ந்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னமும் மண்ணில் கிடக்குமாயின், புதிய தோப்பின் நடுவே நோய்க்கு இருப்பிடம் அமைத்துக் கொடுத்தது போலாகும்.

நோயின் காரணம்

கானோடெர்மா என்னும் பூசணமே இந்நோய்க்குக் காரணம். அது மண்ணிலும், மடிந்த தூர்களிலும் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். முதலில் வேர்களை அழுகச் செய்து, பின்னர் தண்டின் அடிப்பாகத்துள் புகும். மணற்பாங்கான கடலோர நிலத்தில் கோடையில் நீரின்றி வாடியும், மழைக்காலத்தில் நீர் தேங்கியும் வேர் நலிந்த மரங்களை இது எளிதில் பற்றுகிறது.

அறியும் விதம்

தரையை ஒட்டிய அடித்தண்டில் செம்பழுப்பு நிறச் சாறு கசிவதே முக்கிய அடையாளம். நாளடைவில் இக்கசிவு பத்தடி உயரம் வரையிலும் ஏறலாம். அடிமட்டைகள் பழுத்துக் காய்ந்து தண்டை ஒட்டித் தொங்கும். புதிய மட்டைகள் சிறுத்து மஞ்சளாக வெளிவரும். குரும்பை உதிரும், ஒல்லிக்காய் மிகும். மழைக்காலத்தில் தூரைச் சுற்றி, தட்டுப் போன்ற கடினமான காளான் தோன்றுவதும் உண்டு.

சாறு கசியும் மரமெல்லாம் இந்நோய் கொண்டதன்று. 'சாறு வடிதல்' என்னும் வேறொரு நோயில், தண்டின் எவ்விடத்திலும் உள்ள வெடிப்புகளிலிருந்து சாறு வடியும். தொடக்கத்தில் மட்டைகள் வாடுவதில்லை. அந்நோய்க்குப் பழுதான பகுதியை உளியால் செதுக்கி எடுத்து எரித்துவிட்டு, போர்டோ பசையைப் பூசுதல் வேண்டும். மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், நீர் 1 லிட்டர் என்பது அப்பசையின் அளவு.

சிகிச்சை

வேர் வழியே மருந்து செலுத்துதல் முதலாவது. பென்சில் கனமுள்ள, உயிருள்ள வேர் ஒன்றைத் தோண்டி எடுத்து, நுனியைச் சாய்வாக வெட்டுக. ஹெக்சகோனசோல் மருந்து 2 மில்லி லிட்டரை 100 மில்லி லிட்டர் நீரில் கலந்து பாலிதீன் பையில் ஊற்றி, வேர் நுனி அதில் அமிழுமாறு கட்டுக. ஒரு நாளில் மருந்து உறிஞ்சப்படாவிடில் வேறு வேரைத் தேர்ந்துகொள்க. இதனை மூன்று மாதத்திற்கு ஒரு முறையாகச் செய்து வருதல் வேண்டும். முற்றிய காய்களை முன்னதாகவே பறித்துவிடுவதும், மருந்திட்ட பின் 45 நாட்கள் வரை காய் பறிக்காமலிருப்பதும் கட்டாயம். மருந்து வாங்குமுன் வேளாண்மை அலுவலரைக் கலந்துகொள்வது நலம்.

இரண்டாவது, மரத்தைச் சுற்றிய பாத்தியில் ஒரு சத போர்டோ கலவை 40 லிட்டர் ஊற்றுதல். இதற்கு மயில்துத்தம் 400 கிராமும் சுண்ணாம்பு 400 கிராமும் தேவை. இரண்டையும் தனித்தனியே மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் கலவையில் வைத்தெடுக்கும்போது செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்பது பொருள்.

மூன்றாவது, ஆண்டுதோறும் மரத்திற்கு 50 கிலோ தொழு உரமும் 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கும் இடுதல். தொழு உரத்துடன் டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூசணத்தையும் சேர்க்கலாம். போர்டோ கலவை அதனையும் கொல்லுமாதலால் இவ்விரண்டையும் ஒருசேர இடலாகாது.

இவையனைத்தும் நோயின் தொடக்கத்திலேயே பயன் தரும். கொண்டை சிறுத்து, மட்டைகள் தொங்கிய பின்னர் மருந்துக்குச் செலவிடுவது வீண். அத்தகைய மரத்தை வெட்டி, தூரையும் வேரையும் முற்றிலும் அகழ்ந்து எரித்துவிட வேண்டும். விறகுக்கென்று தண்டை மட்டும் எடுத்துக்கொண்டு தூரை விட்டுவிடுதல் பெருந்தவறு.

கூட்டாகச் செய்ய வேண்டியவை

நோயுற்ற மரத்தைச் சுற்றி நான்கைந்து அடி தூரத்தில் மூன்றடி ஆழத்திற்கு அகழி வெட்டினால் பூசணம் பரவுவது தடைப்படும். ஒரு மரத்துப் பாத்தி நீர் மறு மரத்துக்குப் பாயாதவாறு தனித்தனியே பாய்ச்சுதல் நலம். ஆழ உழுது வேரை அறுத்தல் கூடாது. தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற பசுந்தாள் பயிரிடுவதும், நீர் வசதியுள்ள இடத்தில் வாழையை ஊடுபயிராக வைப்பதும் நோயைக் குறைக்கும்.

ஒருவர் இவற்றைச் செய்து, அடுத்தவர் செய்யாதிருப்பின் செலவு வீணாகும். ஆகவே எல்லை அடுத்துள்ள அங்கத்தினர்கள் ஒன்றுகூடி, ஆண்டுக்கு இரு முறை, கோடையிலும் மழைக்காலத்திலும், மரங்களைச் சுற்றிப் பார்த்துக் குறியிட்டு வருதல் வேண்டும். அடிக்கட்டை அகழும் இயந்திரத்தைக் கூட்டாக வாடகைக்கு அமர்த்தினால் செலவு பகிர்ந்துபோகும். துத்தத்தையும் பிண்ணாக்கையும் மொத்தமாக வாங்கலாம். கொல்லையில் இரண்டு மரமே வைத்திருக்கும் நெசவாளரையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்விரண்டு மரத்தின் காய் அவர் குடும்பத்திற்கு எவ்வளவு முக்கியமோ, அம்மரத்தின் நோய் ஊர்த்தோப்புக்கும் அவ்வளவு முக்கியமானது.

தென்னங்கன்று பலன் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். ஒரு முறை அவ்வளவு காலம் காத்திருந்துவிட்டோம். வரும் மழைக்கு முன்னரே அவரவர் தோப்பில் எஞ்சியுள்ள பழைய அடிக்கட்டைகளை எண்ணிப் பார்த்து, அவற்றை அகற்றும் வேலையைத் தொடங்குவீர்களாக.